மேல் படிக்கட்டு வரை

கோஹிமாவுக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நேராகப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் போய் இறங்காதீர்கள். திமாப்பூரிலிருந்து மலையேறி வரும்போது, ஊருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் முன்னால், ஜோட்சோமா பக்கம் வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்கள். டிரைவர் முகம் சுளிப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும். அங்கே நின்று எதிர்ப்பக்கம் பாருங்கள். பள்ளத்தைத் தாண்டி ஒரு மலைமுதுகு தெரியும். இப்போது அதன் மேல் இடுக்கு விடாமல் வீடுகள், சிமென்ட் மாடிகள், தகரக் கூரைகள். 1944 ஏப்ரலில் அந்த முதுகில்தான் பிரிட்டிஷ், இந்தியப் படைகளைச் சேர்ந்த சுமார் 2,500 பேர் மாட்டிக்கொண்டார்கள். அதில் ஆயிரம் பேர் அளவுக்குச் சண்டைக்காரர்களே இல்லை. ஸ்டோர் ஆட்கள், ஆஸ்பத்திரி ஆட்கள், டிரைவர்கள், கூலிகள். அவர்களைச் சுற்றி வளைத்து நின்றது ஜப்பானின் 31-ஆவது டிவிஷன், ஏறக்குறைய 15,000 பேர்.

ஜோட்சோமாவிலும் ஒரு பட்டாளம் இருந்தது. அதையும் ஜப்பானியர் பின்பக்கமாக வந்து அடைத்துவிட்டார்கள். ஆனால் அங்கே இந்திய மலைப் பீரங்கிகள் இருந்தன. எதிர் முதுகில் நம் ஆட்கள் பதுங்கியிருந்த குழிகளுக்குப் பத்துப் பதினைந்து கஜம் முன்னால் விழும்படி அங்கிருந்து குண்டு போட்டார்கள். இரண்டு மைல் தூரத்திலிருந்து பதினைந்து கஜக் கணக்கு. இதை மனதில் வாங்கிக்கொண்டு பிறகு ஊருக்குள் போனால், கல்லறைத் தோட்டம் வேறு மாதிரித் தெரியும்.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவன். பெங்களூரு சென்டரில் சேர்ந்து ஹவில்தாராக பென்ஷன் வாங்கினேன். ராணுவத்தில் எங்களைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாபி ஆபீசர்கூட வாய் நிறையத் தம்பி என்பார். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது எங்கள் வேலை. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பேன். ஏற்றம் எங்கே, தண்ணீர் எங்கே, வண்டி எந்த வழியாக வரும், மழை பெய்தால் எந்தப் பக்கம் சரியும். சர்வீஸில் நாகாலாந்தில் ரோடு வேலை பார்த்திருக்கிறேன். அப்போது கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி லாரியில் போனதோடு சரி. பென்ஷனுக்குப் பிறகு சொந்தக் காசில், வீட்டுக்காரியோடு போய்ப் பார்த்தேன். “கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு டூர் கூட்டிட்டுப் போறீங்கன்னு பார்த்தா, சுடுகாட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே” என்றாள். பிறகு என்னைவிட அவள்தான் அதிக நேரம் பெயர் படித்தாள்.

இந்த இடத்துக்கு ஏன் இவ்வளவு அடிதடி? காரணம் ஒரு ரோடு. இம்பாலுக்கும் திமாப்பூருக்கும் நடுவில் ஒரே தார் ரோடு, அது கோஹிமா முதுகைச் சுற்றித்தான் போகிறது. திமாப்பூரில் ரயில் ஸ்டேஷன். பக்கத்தில் பதினோரு மைல் நீளத்துக்கு ஒரு மைல் அகலத்தில் அரிசி, மாவு, குண்டு, பெட்ரோல் என்று பிரிட்டிஷ் ராணுவத்தின் கிடங்கு. கோஹிமா விழுந்தால் இம்பாலுக்குச் சோறு நிற்கும். திமாப்பூரும் விழுந்தால் அஸ்ஸாமே நடுங்கும். ஜப்பானியத் தளபதி முத்தாகுச்சி, மூன்று வார உணவை மட்டும் தோளில் கட்டிக்கொடுத்து ஆட்களை மலை தாண்டி அனுப்பினார். வழியில் அடித்துச் சாப்பிட மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். சிந்த்வின் ஆற்றிலும் செங்குத்து மலையிலும் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின. மூன்று வாரத்தில் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்து அந்தச் சோற்றைச் சாப்பிடலாம் என்பது கணக்கு. ரேஷன் கணக்கு தெரிந்த எந்த ஹவில்தாரும் போடாத கணக்கு அது.

முதுகின் மேல் இருந்த குன்றுகளுக்குப் பெயர் வைத்தது யாரோ ஒரு ஸ்டோர் கீப்பர் என்றுதான் நினைக்க வேண்டும். சப்ளை டிப்போ இருந்த குன்று எஃப்எஸ்டி. தினப்படி சாமான் கொடுக்கும் இடம் டிஐஎஸ். லாரிகள் நின்ற இடம் ஜிபிடி ரிட்ஜ். சிறை இருந்தது ஜெயில் ஹில். வண்டிகளை நிறுத்தி அனுப்பிய போக்குவரத்துச் சாவடி டிசிபி. இன்றைக்கும் கோஹிமாவில் ஷேர் டாக்ஸிக்காரரிடம் ‘டிசிபி கேட்’ என்றால் கொண்டுவந்து விடுவார். எண்பது வருஷத்துக்கு முந்திய ராணுவச் சாவடியின் பெயர் அது என்று டாக்ஸியில் இருக்கும் பாதிப் பேருக்குத் தெரியாது. கல்லறைத் தோட்டத்தின் வாசலும் அந்தப் பக்கம்தான்.

உள்ளே நுழைந்தால் படிப்படியாக மேலேறும் தோட்டம். இதுதான் காரிஸன் ஹில். மேலே டெபுடி கமிஷனர் சார்லஸ் பாசியின் பங்களா இருந்தது; அதை ஒட்டி டென்னிஸ் ஆடும் இடம். சண்டையின் உச்சத்தில் அந்த டென்னிஸ் கோர்ட்டின் ஒரு பக்கம் ஜப்பானியர், மறுபக்கம் முற்றுகையில் மாட்டியவர்கள். பங்களா இப்போது இல்லை. டென்னிஸ் கோர்ட் எங்கே இருந்ததோ அங்கே வெள்ளை சிமென்ட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். நான் நடந்து பார்த்தேன். நெட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கையெறிகுண்டு வீச ஒருவனுக்குத் தோள்பலம்கூட வேண்டாம்.

தண்ணீர்தான் கொடுமை. ஊருக்கு வரும் தண்ணீர்க் குழாயை ஜப்பானியர் முதலிலேயே அறுத்துவிட்டார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்குக்கூடச் சிரமம். பங்களாவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஊற்று இருந்தது. ராத்திரியில் தவழ்ந்து போய்ப் பிடித்துவர வேண்டும். விமானத்திலிருந்து தண்ணீரும் குண்டும் பாராசூட்டில் போட்டார்கள். இடம் குறுகலானதால் நிறைய எதிராளி பக்கம் போய் விழுந்தது. காயம்பட்டவர்களை வைக்க இடமில்லாமல் திறந்த குழிகளில் படுக்கவைத்திருந்தார்கள். அவர்களில் பலர் படுத்த இடத்திலேயே மறுபடியும் அடிபட்டார்கள். ஏப்ரல் 18-ஆம் தேதி பஞ்சாப் பட்டாளம் ஒன்று வழியை உடைத்து உள்ளே வந்தது. முற்றுகை முடிந்தது, சண்டை முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் சாப்பர் கண்ணுக்குப் பிடித்த கதை. ஜப்பானியர் மரக்கட்டையும் மண்ணும் போட்டுக் கட்டிய பங்கர்களைப் பீரங்கியாலும் உடைக்க முடியவில்லை. டாங்க் போனால் உடைக்கலாம். ஆனால் அந்தச் சரிவில் டாங்க் ஏற வழி கிடையாது. இன்ஜினியர் ஆட்கள் புல்டோசரை வைத்து மலையின் பின்பக்கம் ஒரு தடம் வெட்டினார்கள். மழை, சேறு, மேலிருந்து சுடுகிறார்கள். மே 13-ஆம் தேதி ஒரு லீ டாங்க்கை அந்தத் தடத்தில் ஏற்றி, மேல் அடுக்கிலிருந்து டென்னிஸ் கோர்ட்டுக்குள் இறக்கிவிட்டார்கள். இருபது கஜ தூரத்தில் நின்று ஒவ்வொரு பங்கராக அது அடித்தது. அன்றோடு அந்த இடம் கைக்கு வந்தது. சரித்திரப் புத்தகத்தில் டாங்க்குக்கு ஒரு பக்கம், புல்டோசருக்கு ஒரு வரி. நான் அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை படியும் ஏறினேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

ஜப்பானிய டிவிஷனின் தலைவர் சாட்டோ, சோறும் குண்டும் வந்து சேராததால் மே மாதக் கடைசியில் மேலிடத்து உத்தரவை மீறித் தன் ஆட்களைப் பின்வாங்கச் சொல்லிவிட்டார். ஜப்பானிய ராணுவத்தில் அது நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். ஜூன் 22-ஆம் தேதி இம்பாலிலிருந்து வந்தவர்களும் கோஹிமாவிலிருந்து போனவர்களும் 109-ஆவது மைல்கல்லில் சந்தித்தார்கள், ரோடு திறந்தது.

இனி கல்லறைகள். இங்கே 1,420 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் இருப்பதுபோல நிமிர்ந்து நிற்கும் வெள்ளைக் கல் கிடையாது. தாழ்வான பீடம், அதன் மேல் வெண்கலத் தகடு. எண், பதவி, பெயர், பட்டாளம், இறந்த தேதி, வயது. சிலவற்றில் குடும்பத்தார் எழுதச் சொன்ன ஒரு வரி. லான்ஸ் கார்ப்போரல் ஜான் ஹார்மன், கேப்டன் ஜான் ராண்டில் என்று விக்டோரியா கிராஸ் வாங்கிய இருவர் இங்கே இருக்கிறார்கள். இருவரும் இந்தச் சண்டையிலேயே செத்தவர்கள், இருவரும் தனி ஆளாக எதிரியின் குழியை நோக்கிப் போனவர்கள். அவர்கள் தகட்டில் பதக்கத்தின் சின்னம் இருக்கும். மற்றபடி பக்கத்துப் பீடத்துக்கும் அதற்கும் உயர வித்தியாசம் கிடையாது. ஜெனரலாக இருந்தாலும் சமையல்காரனாக இருந்தாலும் ஒரே அளவு.

இந்த ஒரே அளவு தானாக வந்ததில்லை. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் செஞ்சிலுவை வண்டிப் படையோடு பிரான்ஸுக்குப் போன ஃபேபியன் வேர் என்பவர், யார் எங்கே புதைக்கப்படுகிறார் என்று எழுதிவைக்க ஆளே இல்லை என்பதைப் பார்த்தார். அவரே எழுத ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்து 1917-இல் பிறந்ததுதான் இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். மறுவருஷம் அதன் கொள்கையை வகுத்தார்கள்: ஒவ்வொருவருக்கும் பெயர் பொறிக்க வேண்டும், பதவியாலோ இனத்தாலோ மதத்தாலோ வித்தியாசம் கூடாது, உடலை ஊருக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. கடைசி விதியைப் பார்த்து இங்கிலாந்தில் பெரிய கொதிப்பு. பணக்காரன் மகன் மட்டும் ஊருக்குத் திரும்பினால் ஏழை வீட்டுத் தாய் என்ன செய்வாள் என்பது ஆணையத்தின் பதில்.

உடல் வராது என்றானதும் ஜனங்கள் தாங்களே கிளம்பினார்கள். மிஷலின் டயர் கம்பெனி 1917-லேயே, போர் முடிவதற்கு முன்னாலேயே, போர்க்களங்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் போட்டது. 1928-இல் பிரிட்டிஷ் லீஜியன் என்ற முன்னாள் சிப்பாய்கள் சங்கம் சுமார் 11,000 பேரை ஒரே யாத்திரையாகப் பிரான்ஸுக்கும் பெல்ஜியத்துக்கும் கூட்டிப்போனது. பெல்ஜியத்தின் ஈப்ர் ஊரில் மெனின் கேட் என்ற வாசலில், உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் இருக்கிறது; அங்கே 1928-இலிருந்து தினமும் இரவு எட்டு மணிக்கு பிகிள் ஊதுகிறார்கள். ஜெர்மானியர் ஊரைப் பிடித்து வைத்திருந்த வருஷங்களில் மட்டும்தான் அங்கே ஊதவில்லை. நான் அங்கெல்லாம் போனதில்லை. பிகிள் மட்டும் எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் இன்றும் என் முதுகு தானாக நிமிரும்.

மறுபடி கோஹிமா. டென்னிஸ் கோர்ட் வரைக்கும் எல்லோரும் ஏறுவார்கள். அங்கே பெரிய சிலுவை இருக்கிறது, பக்கத்தில் ஒரு செர்ரி மரம். பதுங்கிச் சுடும் ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் ஏறி உட்கார்ந்திருந்த பழைய மரம் சண்டையில் போய்விட்டது, அதன் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது இது. போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நாங்கள் போன அன்று கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று அப்படி இறங்கிக்கொண்டிருந்தது. தமிழ்ச் சத்தம் கேட்டு நின்றோம். அந்தப் பெண் கேட்டார்:

“அண்ணா, மேலயும் படி போகுதே, அங்க என்ன இருக்கு?”

“நம்ம ஆளுங்க பேரும்மா.”

“நம்ம ஆளுங்களா?”

“இந்தியச் சிப்பாய்ங்க. எரிச்சவங்க. அவங்களுக்குச் சமாதி கிடையாது, சுவர்லதான் பேரு.”

அவர் கணவர் டாக்ஸி காத்திருக்கிறது என்றார். அந்தப் பெண் செருப்பைச் சரிசெய்துகொண்டு ஏற ஆரம்பித்துவிட்டார்.

தோட்டத்தின் உச்சியில் இருக்கிறது தகன நினைவிடம். மத வழக்கப்படி எரிக்கப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கு. தாப்பா, குருங், சிங், ராம் என்று வரிசை வரிசையாக. அந்தப் பெண் தமிழ்ப் பெயர் தேடினார். தேட வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் கோஹிமாவில் அதிகம் நின்றது கோர்க்காக்கள், ராஜபுத்திரர், பஞ்சாபிகள், அஸ்ஸாம் பட்டாளம். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு ஊர்ச்சாடை உண்டு. எங்கள் சென்டரில் எந்தப் புதுப்பையனைக் கேட்டாலும் சுபேதார் சுப்பிரமணியன் பெயரைச் சொல்வான். செங்கல்பட்டு ஜில்லாக்காரர், மெட்ராஸ் சாப்பர், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் விழுந்து உயிரைவிட்டவர். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர். அது நடந்தது இத்தாலியில், மிக்னானோ பக்கம், 1944 பிப்ரவரி 24-இல். அவரைத் தேடிக் கோஹிமாவுக்கு வந்தால் எப்படிக் கிடைப்பார்?

எல்லோரையும் சமமாக நினைவுகூர்வோம் என்று எழுதிவைத்தார்கள் என்றேன் அல்லவா, எழுதியது வேறு, செய்தது வேறு. முதல் போரில் மெசொப்பொட்டேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இந்தியப் படைகள்தான் பெரும்பாலும் செத்தன. மெட்ராஸ் சாப்பர்களும் அங்கே டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருந்தார்கள். பாஸ்ரா நினைவிடத்தில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். அதில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்குப் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குக் கல்லில் பெயர் இல்லை. இன்ன பட்டாளத்தில் இத்தனை பேர் என்று எண் மட்டும். ஆணையமே ஒரு குழு போட்டு இதையெல்லாம் தோண்டி எடுத்தது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, சிலர் எந்த வகையிலும் நினைவுகூரப்படாமலே இருக்கலாம் என்று அந்தக் குழு 2021-இல் அறிக்கை கொடுத்தது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள். மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டது நல்லது. கோஹிமாச் சுவரில் 917 பெயரும் முழுசாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பாஸ்ராவைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. அதனால்தான் மேலே ஏறுங்கள் என்று எல்லோரையும் பிடித்து இழுக்கிறேன்.

கோஹிமாவில் கீழே வாசல் பக்கம் இருக்கும், இங்கே சண்டையிட்ட பிரிட்டிஷ் இரண்டாவது டிவிஷனின் நினைவுக்கல்லையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் அதில் உள்ள வரிகள் உலகப் பிரசித்தம். எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். நான் பார்த்தது கல்லை. நாகர்கள் தங்கள் முன்னோருக்கு நிறுத்தும் கல் மாதிரியான பெரிய பாறை, அதை இழுத்து வந்து நிறுத்தியவர்களும் நாகர்களே. செங்கம் பக்கத்து வயல்களில் நிற்கும் நடுகல்லைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கல் அந்நியமாகப் படாது. அந்த நாகர்கள்தான் சண்டையின்போது குண்டடிபட்டவர்களை முதுகில் சுமந்து மலை இறக்கினார்கள், வழி காட்டினார்கள், சாமான் தூக்கினார்கள். வீடுகளும் வயல்களும் எரிந்துபோனது அவர்களுடையது. சண்டை அவர்களுடையது இல்லை.

கோஹிமாவிலிருந்து இம்பால் சுமார் 140 கிலோமீட்டர். நான் போனது மணிப்பூரில் 2023 மே மாதக் கலவரம் வெடிப்பதற்கு முன்னால். இப்போது போக நினைப்பவர்கள் நிலைமையை விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இம்பாலில் இரண்டு கல்லறைத் தோட்டங்கள். ஒன்றில் சுமார் 1,600 பேர். இன்னொன்று இந்திய ராணுவப் போர்க் கல்லறைத் தோட்டம், பெரும்பாலும் இந்திய முஸ்லிம் வீரர்களும் ஆப்பிரிக்கர்களும் அங்கே இருக்கிறார்கள். அங்கேயும் ஒரு தகன நினைவிடம், 868 பெயர்கள். அதில் ஒன்று எங்கள் வீட்டுப் பெயர்.

என் தாத்தாவின் தம்பி. சின்னத் தாத்தா 1942-இல் பயோனியர் கோரில் சேர்ந்தார். மண்வெட்டிப் பட்டாளம், எங்களுக்குச் சித்தப்பா முறை மாதிரி. “பர்மா போனான், வரலை” என்பதோடு எங்கள் ஆயா கதையை முடித்துவிடும். ஒரு காகிதம் வந்ததாம். அது எந்த மழையில் போனதோ. செத்த தேதி தெரியாததால் வருஷத் திவசம் கிடையாது. மகாளய அமாவாசைக்கு எள்ளுத்தண்ணி விடும்போது அப்பா கடைசியில் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்வார், அவ்வளவுதான். வடார்க்காடு ஜில்லாவில் இந்த மாதிரி வீடுகள் எத்தனையோ. பர்மா என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ரங்கூனாக இருக்கலாம், அரக்கானாக இருக்கலாம், மணிப்பூராகவும் இருக்கலாம். ஊரில் இருந்தவர்களுக்கு எல்லாம் ஒரே பர்மா.

ஆணையத்தின் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, காசு கேட்பதில்லை. என் மகள்தான் தேடினாள். முழுப்பெயரைப் போட்டால் வரவில்லை. நம் பெயர்களை அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். முனுசாமியை ஐந்து விதமாக எழுதலாம். இனிஷியல் இருக்காது. அதனால் பட்டாளத்தைப் பிடித்துத் தேட வேண்டும்: மெட்ராஸ் சாப்பர்ஸ், மெட்ராஸ் ரெஜிமென்ட், பயோனியர் கோர், சப்ளை கோர் என்று. வருஷத்தைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். பல பதிவுகளில் ‘இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில்தான் ஆள் கிடைப்பார். எங்களுக்குக் கொள்ளுத்தாத்தா பெயரும் ஊரும் சேர்ந்து கிடைத்தன. நினைவிடம் இம்பால், சேவை எண், இறந்த தேதி.

தேதியைப் பார்த்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “பஞ்சாங்கம் பார்த்தா திதி வந்துரும்டா” என்றார். பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கும் ஐயர் ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்த வருஷத்திலிருந்து சின்னத் தாத்தாவுக்குத் தனி இலை.

இம்பாலில் அவர் பெயருக்கு முன்னால் நின்றபோது அருகே ஒரு ஜப்பானியக் கிழவர், கையில் ஊதுபத்திக் கட்டோடு, யாருடைய கல்லறை என்று பார்க்காமல் வரிசையாகக் குனிந்துகொண்டே போனார். ஜப்பானியர் இம்பால், கோஹிமாச் சண்டைகளில் சாவும் காயமும் நோயுமாக 50,000-க்கும் மேற்பட்டவர்களை இழந்தார்கள்; பாதிக்கு மேல் பட்டினியாலும் வியாதியாலும். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயரெழுதிய கல்லறை கிடையாது. இம்பாலுக்குத் தெற்கே மைபாம் லோக்பா சிங் என்ற செம்மலை அடிவாரத்தில் ஜப்பான் அரசாங்கம் 1994-இல் ஒரு சமாதான நினைவிடம் கட்டியது. அங்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

இன்னும் தெற்கே மொய்ராங். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் 1944 ஏப்ரல் 14-இல் கொடியேற்றிய ஊர். அந்த ராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர் ஏராளம். யோசித்துப் பாருங்கள்: வடார்க்காட்டிலிருந்து மண்வெட்டியோடு போனவன் இந்தப் பக்கம், சேலத்திலிருந்து பிழைக்க மலேயா போனவனின் மகன் அந்தப் பக்கம். இரண்டு பேரும் ராத்திரியில் ‘அம்மா’ என்றுதான் முனகியிருப்பார்கள். இவனுக்குச் சுவரில் பெயர் இருக்கிறது. அவனுக்கு மொய்ராங்கில் பொதுவாக ஒரு நினைவிடம், ஒரு அருங்காட்சியகம்; ஆள் ஆளாகப் பெயரும் தேதியும் தேடிப் பிடிக்க எனக்குத் தெரிந்து இப்படியொரு பதிவேடு கிடையாது. என் பட்டாளத்து நண்பர்கள் சிலர், எதிர்ப்பக்கம் போனவனைப் பற்றி நமக்கென்ன என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மலேயாவில் சொந்தம் உள்ள வீடுகள் பேச ஆரம்பித்தால்தான் அந்தப் பெயர்கள் கிடைக்கும். பேசுகிற வயதில் இருந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குச் சென்னையிலேயே நந்தம்பாக்கத்தில் மவுன்ட்-பூந்தமல்லி ரோட்டில் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பராமரிக்க ஆளில்லாத கன்டோன்மென்ட் இடுகாடுகளில் சிதறிக்கிடந்த கல்லறைகளைச் சேர்த்து 1952-இல் அமைத்தது. எண்ணூற்றுச் சொச்சம் பேர். பின்பக்கம் முதல் போரில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச்சுவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். பஸ்ஸில் தினமும் தாண்டிப் போகிறவர்கள் ஏதோ பங்களாத் தோட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒரு தகட்டைப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்று போதும், ஐம்பது படித்தால் ஒன்றும் நிற்காது.

போகுமுன் வீட்டுப் பரணையும் ஒரு தடவை பாருங்கள். முதல் போர்ப் பதக்கமாக இருந்தால் அதன் விளிம்பில் சேவை எண்ணும் பெயரும் பட்டாளமும் பொறித்திருப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கலாம். பல ஊர்களில் பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ சாவடியிலோ இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று ஒரு கல் இருக்கும். சுண்ணாம்பு அடித்து அடித்து மூடியிருப்பார்கள். கோஹிமாவுக்கே கிளம்புகிறவர்களுக்கு: நாகாலாந்துக்கு இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும், முன்னாலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மழைக் காலத்தில் திமாப்பூர் ரோடு சரியும். ரோடு போட்டவன் சொல்கிறேன், நவம்பருக்கு மேல் போங்கள்.

பதிவேட்டில் தப்பு இருந்தால் ஆதாரம் காட்டி ஆணையத்துக்கு எழுதலாம், திருத்துகிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ரேஷன் கார்டு ஆதாரமாகாது. சின்னத் தாத்தா அனுப்பிய மணியார்டர் கூப்பன் ஒன்று பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது என்கிறார்கள். பெட்டிச் சாவி பெங்களூருவில் இருக்கும் அண்ணியிடம். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.